தொண்ணூறுக்குக் கீழே யாரும் இல்லை

ஆக்னஸுக்கு மனிதர்கள் மேல் பெரிதாக மரியாதை கிடையாது. பதிமூன்று வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தால் யாருக்கும் இருக்காது என்பது அவள் கட்சி. ஆம்பூரில் பேரணாம்பட்டு பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தோல் ஷெட்டுகளின் நாற்றத்தைத் தாண்டி அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும்போதே அவள் முகம் சுளித்துவிடும். நாற்றம் பழகிப்போன விஷயம். பழகாதவர், வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தலைமையாசிரியர் கோதண்டபாணிதான்.

கோதண்டபாணிக்குப் பள்ளிக்கூடம் என்றால் பதிவேடுகள். பிள்ளைகள் என்பவர்கள் அந்தப் பதிவேடுகளை நிரப்புவதற்காக அரசாங்கம் அனுப்பிவைத்த பெயர்கள். நடக்காத பெற்றோர் கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதி, வராத பெற்றோர்களின் கையெழுத்தையும் தயாராக வைத்திருப்பார். அந்தக் கையெழுத்துகளில் பாதி ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் போட்டவை. ஆய்வுக்கு யார் வந்தாலும் பீரோவைத் திறந்து அட்டை போட்ட நோட்டுகளை அடுக்கிக் காட்டுவார், ஏதோ தானே பெற்றுப் போட்ட பிள்ளைகள் மாதிரி.

இதையெல்லாம் எவராவது படிக்கிறார்களா என்று ஆக்னஸுக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. பாடக்குறிப்பேட்டில் ‘தவளையின் இதயம்’ என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே நாலு வரிக்குப் புளிக்குழம்பு வைக்கும் முறையை எழுதி வைத்தாள். கோதண்டபாணி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி ‘நன்று’ என்று எழுதிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவளுக்கு உறுதியாயிற்று. எழுதச் சொல்கிறவர்கள் படிக்க மாட்டார்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

இப்படிப்பட்ட பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்கு ஆசிரியர் இல்லை. போஸ்டிங் போட்ட ஒருவர் வந்தார், ஊரை மோந்து பார்த்தார், மெடிக்கல் லீவில் போனார், அப்படியே வேலூருக்கு மாறுதல் வாங்கிக்கொண்டார். பத்தாம் வகுப்புக் கணக்கு, விலங்கியல் படித்த ஆக்னஸ் தலையில் விழுந்தது. வருகைப் பதிவேட்டுக்குள் நோட்ஸை ஒளித்து வைத்துக்கொண்டு அதைக் கரும்பலகையில் அப்படியே இறக்கி வைப்பாள்.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்கள். அதில் சைரா என்று ஒருத்தி, ஒல்லியாக, கேள்வி கேட்டே தீருவேன் என்று பிறந்தவள். “கூம்பு கன அளவுல ஏன் டீச்சர் மூணுல ஒண்ணு வருது?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஃபார்முலா அப்படித்தான். மனப்பாடம் பண்ணு.”

சொல்லிவிட்டு ஆக்னஸுக்குத் தன்மேலேயே கேவலமாக இருந்தது. போன வருடம் கணக்கில் தவறிய பெண்கள் பதினேழு பேர். காலையில் ஊர் முனைக்கு வரும் ஷூ கம்பெனி வேனில் இப்போது அவர்களைத்தான் பார்க்கலாம். சைராவின் அக்காவும் அதில் ஒருத்தி. பத்தாவது தேறினால் பாலிடெக்னிக், தேறாவிட்டால் அக்கா பக்கத்திலேயே ஒரு தையல் மெஷின். சைரா வீட்டில் பேசி முடித்திருந்த ஏற்பாடு அது.

2008 ஜூலையில் வேலூர் பாகாயத்திலிருந்து ஒரு டிரஸ்ட்காரர்கள் வந்தார்கள். அரசுப் பள்ளிகளுக்கு இன்டர்நெட் வழியாகக் கணக்கு சொல்லித் தருகிறோம் என்றார்கள். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, ஹெட்போன்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு எண், ஒரு பாஸ்வேர்ட். செவ்வாய், வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு பாகாயத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெஃப்ரி என்ற பையன் நேரடியாகப் பாடம் எடுப்பான். மாதத்துக்கு ஒரு தேர்வு, இருபது கேள்வி, அதுவும் கம்ப்யூட்டரிலேயே. நாலு பக்க ஒப்பந்தத் தாள் ஒன்றை நீட்டினார்கள். கோதண்டபாணி கையெழுத்துப் போட்டார். பொறுப்பாசிரியர் என்ற இடத்தில் ஆக்னஸ் போட்டாள். ‘வந்துட்டானுங்க இன்னொரு நோட்டைத் தூக்கிக்கிட்டு’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பையனுக்குச் சொல்லித்தரத் தெரிந்திருந்தது. சைரா அதே கூம்புக் கேள்வியைத் தட்டித் தடவி டைப் அடித்ததும் அவன் ஃபார்முலாவைக் காட்டவில்லை. “பேப்பர்ல ஒரு பொட்டலம் சுருட்டுங்க. அதே வாய், அதே உயரத்துல ஒரு டப்பா கொண்டாங்க. சத்துணவுக் கூடத்துல அரிசி இருக்கும்ல? பொட்டலத்தால மொண்டு டப்பாவுல கொட்டி எண்ணுங்க” என்றான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது பொட்டலத்தில் டப்பா விளிம்பு தட்டி நின்றது. முப்பத்தெட்டுப் பெண்களும் கத்திய கத்தலில் கோதண்டபாணி ஓடிவந்து, அரிசிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

நாற்பத்தொரு வயதில் ஆக்னஸுக்கும் அன்றுதான் அது புரிந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய், வெள்ளிகளில் அவள் லீவு போடுவதை நிறுத்திக்கொண்டாள். கரண்ட் போகிற நேரத்தைப் பார்த்து வகுப்பை முன்னே பின்னே மாற்றச் சொல்லி, தானே பாகாயத்துக்குப் போன் போட்டாள்.

நவம்பரில் வினை வந்தது. வேலூரில் தலைமையாசிரியர்கள் கூட்டம். இணைய வகுப்புப் பள்ளிகளின் தேர்வுச் சராசரியை யாரோ மைக்கில் வாசித்துவிட்டார்கள். கோதண்டபாணியின் பள்ளி இருபத்து மூன்று. பதினொரு பள்ளியில் பதினொன்றாவது. பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தாராம்.

மறுநாள் கோதண்டபாணி கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். அதுவரை அந்தப் பக்கம் அவர் வந்தது ஆயுதபூஜைக்கு மானிட்டர்களுக்குச் சந்தனம் வைக்க மட்டும்தான்.

“இன்னா டீச்சர் இது, இருபத்து மூணு? என் சர்வீஸ்ல இவ்ளோ கம்மியா ஒரு நம்பர் நான் பாத்ததே இல்ல.”

“பிள்ளைங்க உண்மையா வாங்கின மார்க்கு சார். ஜூலைல பதினாலு இருந்துச்சு. ஏறிட்டுதான் வருது.”

“உண்மை கிண்மையெல்லாம் வூட்ல வெச்சிக்கங்க. பாஸ்வேர்டெல்லாம் உங்க கைலதான இருக்குது? இந்த மாசத் தேர்வ நீங்களே உக்காந்து முடிச்சிடுங்க. தொண்ணூறுக்குக் கீழ ஒருத்தரும் இருக்கக் கூடாது.”

“கம்ப்யூட்டர் சார் இது. நோட்டு இல்ல.”

“எல்லாம் ஒண்ணுதான். முடியாதுன்னா சொல்லிடுங்க, ரூம பூட்டி சாவிய பாக்கெட்ல போட்டுக்குறேன். அவமானப்பட்றதுக்கு இன்டர்நெட் ஒரு கேடா?”

அவர் செய்வார். ஆய்வகத்தை அப்படித்தான் ஆறு வருடமாகப் பூட்டி வைத்திருந்தார், கண்ணாடிக் குடுவைகள் உடையக் கூடாது என்பதற்காக. அறை பூட்டப்பட்டால் ஜெஃப்ரியின் வகுப்பும் போகும். மார்ச் பரீட்சைக்கு நாலு மாதம். ஆக்னஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஆளுக்கு வேண்டியது ஒரு நம்பர். பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தப் பையன். நம்பரைப் போட்டு எறிந்துவிட்டால் ஆள் ஓய்ந்துவிடுவார், வகுப்பு பாட்டுக்கு நடக்கும். எவன் படிக்கப் போகிறான்?

சனிக்கிழமை அவள் தனியாக வந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டுப் பெண்கள், ஆளுக்கு இருபது கேள்வி, எழுநூற்று அறுபது தடவை மவுஸை அழுத்த வேண்டும். முதல் பெண்ணுக்குப் போட்டபோது கை கொஞ்சம் தயங்கியது. பத்தாவது பெண்ணுக்கு விடைகள் மனப்பாடம் ஆகிவிட்டன. இருபதாவது பெண்ணுக்கு வரும்போது காய்கறி நறுக்குகிற மாதிரி கை தன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரே மாதிரி இருக்கக் கூடாதே என்று சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு தப்பு போட்டாள். சைரா மேல் பிரியம், அதனால் அவளுக்கு நூறு.

அடுத்த கூட்டத்தில் அவர்கள் பள்ளிதான் முதல். சராசரி தொண்ணூற்றாறு. கோதண்டபாணிக்குக் கைத்தட்டல் கிடைத்தது. வேலூர் லாங் பஜாரில் லட்டு வாங்கிக்கொண்டு வந்து ஆசிரியர் அறையில் தானே விநியோகித்தார். ஆக்னஸ் ஒரு லட்டை எடுத்து, பிய்த்து, ஜன்னல் வழியாகக் காக்கைக்குப் போட்டாள். இந்த மாதிரி ஆளுக்குக் கைத்தட்டுகிற ஊரில் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது என்று நினைத்தாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குப் பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஜெஃப்ரியின் குரல் வரவில்லை. திரையில் ஒரு கடிதம் வந்து நின்றது. சைரா அதைச் சத்தமாகப் படித்தாள்.

“அன்புள்ள மாணவிகளே, உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்து எங்கள் அலுவலகமே கொண்டாடியது. இனி உங்களுக்கு நேரடி வகுப்பு தேவையில்லை, பாடங்களை நீங்களே படித்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்துவிட்டீர்கள். உங்களுடைய நேரத்தை உங்களைவிடப் பின்தங்கிய ஒரு பள்ளிக்குக் கொடுக்கிறோம். வாழ்த்துகள்.”

சைரா தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். நூறு என்று வந்தது.

“நான் இந்த மாசம் தேர்வே எழுதலியே டீச்சர்.”

“கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு” என்றாள் ஆக்னஸ். அதைச் சொல்லும்போது அவள் குரல் கோதண்டபாணி குரல் மாதிரியே இருந்தது.

அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் தினத்தாளை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

“நல்லதுதான டீச்சர்? மொத எடத்துலயே நின்னுட்டோம். இனிமே மாசாமாசம் இந்த பேஜாரு கெடையாது.”

“கணக்கு யார் சார் சொல்லித் தர்றது?”

“நீங்கதான் இருக்கீங்களே.”

“எனக்குக் கணக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும். பிள்ளைங்க ஃபெயிலாப் போவாங்க. உங்களுக்கு ஒரு கைத்தட்டுக்காக.”

கோதண்டபாணி கோபப்படவில்லை. “என்னைய சொல்றீங்களே டீச்சர், மவுஸு யார் கைல இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுத் தினத்தாளைப் பிரித்துக்கொண்டார். பதிமூன்று வருடத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைக் கேட்டுவிட்டு அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை வேலூர் போய் பாகாயம் டவுன் பஸ் பிடித்தாள். ஜெஃப்ரியை அன்றுதான் நேரில் பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அவள் யாரென்று தெரிந்ததும் துள்ளி எழுந்து, சுவரைக் காட்டினான். முப்பத்தெட்டுப் பெண்களின் மதிப்பெண்களையும் அச்செடுத்து ஒட்டி வைத்திருந்தான்.

“ஒவ்வொரு பதிலையும் படிச்சேன் மேடம். கூம்பு, உருளை ரெண்டுலயும் ஒருத்தர்கூட தப்பு பண்ணல. எங்க ஆபீஸ்ல எல்லாரையும் கூப்ட்டு காட்னேன்.”

உலகத்தில் படிக்கிறவன் ஒருத்தன் இருந்திருக்கிறான். உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், நம்பி, சந்தோஷப்பட்டுப் படித்திருக்கிறான். அப்படி ஒருத்தன் இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அது பிள்ளைங்க போட்டது இல்ல தம்பி. நான் போட்டது.”

சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“ஒரு கேள்விக்கு நாலு நாலு செகண்டுதான் ஆயிருந்துச்சு. அவ்ளோ வேகமா போட்றாங்களேன்னு பெருமையா நெனச்சேன்” என்றான் மெதுவாக. பிறகு, “சராசரி நாப்பதுக்கு மேல போனா நேரடி வகுப்பு கெடையாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கே மேடம். மூணாவது பக்கம். நீங்க கையெழுத்து போட்ருக்கீங்க.”

எடுத்துக் காட்டினான். இருந்தது. அவள் கையெழுத்தும் இருந்தது. நாலு பக்கத் தாளை அவளும் படிக்கவில்லை.

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. நடந்ததை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்களை அழித்துவிட்டு மறுதேர்வு வைப்பதாகவும், அன்று வருவது நாற்பதுக்குக் கீழே இருந்தால் வகுப்பு திரும்பக் கிடைக்கும் என்றும், ஆனால் அந்தக் கடிதத்தின் நகல் கல்வி அலுவலகத்துக்குப் போகும் என்றும் சொன்னான். ஆக்னஸ் அங்கேயே பேனாவைத் திறந்தாள். கோதண்டபாணி பெயரை எழுதினால் விசாரணை, அறைக்குச் சீல், அது மார்ச்சைத் தாண்டியும் இழுக்கும். அதனால், ‘மதிப்பெண்கள் அனைத்தும் நானே பதிவு செய்தவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை விஷயம் தெரிந்ததும் கோதண்டபாணிக்கு முகம் வெளிறியது. கேட்டது ஒரே கேள்வி.

“என் பேரு அதுல வருதா?”

“வரல சார்.”

“உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர்” என்றார், கண் கலங்கி. பத்து நாளில் அவளுக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான பதினேழு பி மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் மேல் நடவடிக்கை. அதை அவளிடம் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது மனிதர் தேதியைச் சரியாகப் போடச் சொன்னார்.

மறுதேர்வுக்கு முந்தைய நாள் ஆக்னஸ் வகுப்பில் நின்று நடந்ததைச் சொன்னாள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். சைரா மட்டும் குனியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் அறைக்குள் பெண்கள் முறைவைத்துப் போக வரிசையாக நின்றார்கள். பாகாயத்திலிருந்து ஜெஃப்ரி கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்னஸுக்கு இரண்டு நாளாகவே ஒரு பயம். பிள்ளைகள் நிஜமாகவே நன்றாகப் போட்டு, நாற்பதைத் தாண்டிவிட்டால்? நாற்பது வாங்கிய வகுப்பில் பத்துப் பேராவது மார்ச்சில் விழுவார்கள். அந்தப் பத்துப் பேருக்கு யார் இருக்கிறார்கள்? அவள் சைராவைக் கதவோரமாகக் கூப்பிட்டாள்.

“எல்லாத்துக்கும் சரியான பதில்தான் போடணும்னு அவசியம் இல்லம்மா. உனக்கு நல்லா வருது, பரவால்ல. மத்தவங்ககிட்டயும் சொல்லி நாலஞ்சு கேள்விய விட்டுட்டீங்கன்னா...”

சைரா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“போன தபா நாங்க வாங்க மாட்டோம்னு நீங்க போட்டீங்க. இந்த தபா வாங்கிடுவோம்னு வேணாங்கறீங்க. எங்க மார்க்க எங்கள வாங்க விடுங்க டீச்சர்.”

ஆக்னஸ் வழியை விட்டு விலகினாள்.

“நீங்க வெளிய இருங்க” என்றாள் சைரா. குரலை உயர்த்தவில்லை. “உள்ள இருந்தீங்கன்னா மறுபடியும் நீங்கதான் போட்டீங்கன்னு சொல்வாங்க.”

கதவு சாத்தப்பட்டது. ஆக்னஸ் வராந்தாவில் நின்றாள். பதினைந்து வயதுப் பெண் அவளை ஒரு புழுவைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பார்வையை அவள் எத்தனையோ பேர்மேல் வீசியிருக்கிறாள், அது இவ்வளவு சுடும் என்று தெரியாது.

கோதண்டபாணி பூனை மாதிரி வந்து பக்கத்தில் நின்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாப்பது தாண்டிட்டா க்ளாஸு கெடையாதாமே? ஏன் நின்னுச்சுன்னு மேல கேப்பாங்களே. நாலஞ்சு கேள்விய விட்ற சொல்லிட்டீங்க இல்ல?”

அவள் சைராவிடம் சொன்னதேதான். ஒரு வார்த்தை மாறவில்லை. அவர் பக்கத்திலிருந்து தள்ளி நிற்கலாம் என்றால் வராந்தாவில் இடம் இல்லை.

“எவ்ளோ வரும் டீச்சர்? ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க.”

“தெரியாது சார்.”

“தெரியாதுன்னா?”

“தெரியாதுன்னா தெரியாது. பேசாம நில்லுங்க.”

நாலரை மணிக்குக் கடைசிப் பெண்ணும் எழுதி முடித்தாள். ஜெஃப்ரி ஸ்பீக்கரில் சராசரியை வாசித்தான். முப்பத்தாறு. செவ்வாய்க்கிழமையிலிருந்து வகுப்பு உண்டு என்றான். பெண்கள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். கோதண்டபாணி, முப்பத்தாறுக்கா இந்தக் கூச்சல் என்று முணுமுணுத்தபடி தன் அறைக்குப் போனார்.

சைரா கடைசியாக வந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகம் சிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். ஆக்னஸைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எவ்ளோம்மா உனக்கு?” என்று ஆக்னஸ் கேட்டாள். அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசையாக இருந்தது. அந்தப் பள்ளியில் ஒரு மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள அவள் அப்படி ஆசைப்பட்டதே இல்லை.

“உங்களுக்குத் தெரியாத மார்க்கா டீச்சர்?” என்றாள் சைரா. பதிலுக்கு நிற்காமல் மற்ற பெண்களோடு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.